கைக்கும் ஆணிக்கும் நடுவே

1

ஆறு அங்குல இரும்பாணியை இரு கைகளாலும் பற்றிக் கொண்டை ஊசிபோல வளைத்துவிடுகிறவன், ஆணியின் முனைகளில் தோலைச் சுற்றிக்கொண்டு அதைச் செய்யலாமா, கூடாதா? கேள்வி அற்பமாகத் தோன்றும். வளைந்தது ஆணி, அதற்குமேல் விசாரம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் சுற்றி நின்று பார்க்கிறவர்களில் எவனாவது ஒருவன் "தோல் சுத்திக்கினா யாரு வேணா செய்வான்" என்று சொல்லாமல் போவதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு ஒழுக்கவியல் இருக்கிறது. ஒரு சாதனையில் எதை எதையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது சாதித்தவனுடையது? வலி சாதனையின் அங்கமா, அதற்குக் கொடுக்கும் விலையா? உதவியை ஏற்பது எந்த இடத்தில் ஏமாற்றாகிறது? இவற்றை இலக்கிய விசாரங்களில் நாம் அடிக்கடி எழுப்பி, சொற்களின் மூட்டத்தில் தொலைத்துவிடுகிறோம். ஆணியின் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகத் தொலைக்க முடியாது. ஆணி ஒன்று வளையும் அல்லது வளையாது.

இந்தப் பிரதேசத்தில் இது வெறும் வேடிக்கையைப் பற்றிய கேள்வியும் அல்ல. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. பாடியில் 1966ல் போல்ட் செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸ் வந்தது. ஏரிகளும் வயல்களுமாக இருந்த மேற்குப் பகுதி ஒரு தலைமுறைக்குள் உலோகத்தின் பகுதியாக மாறிற்று. தகடும் கம்பியும் ஆணியும் போல்ட்டும் இங்கே அன்றாட வஸ்துக்கள். அவற்றோடு தினமும் எட்டு மணி நேரம் உறவாடும் கைகளும் அன்றாடம்தான். இரும்பைக் கையால் வெல்வது என்ற கற்பனை பயில்வான்களின் உலகத்தில் பிறந்திருக்கலாம். இங்கே அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனின் கை இரும்பிடம் தோற்ற கையாகவும் இருக்கக்கூடும்.

2

முதலில் வித்தையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். திருவிழாக்களில் நீளமான கட்டிடக் கம்பியைத் தொண்டைக்குழியில் வைத்து வளைத்துக் காட்டுவார்கள். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஆனால் கம்பி நீள நீள வளைப்பது எளிது, நீளமே நெம்புகோலாகிவிடுகிறது. ஆறு அங்குல ஆணியில் அந்தச் சலுகை இல்லை. இரண்டு முஷ்டிகளுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும் அந்தச் சிறு துண்டுதான் கடினமானது. பார்க்கிறவனுக்கு அது அல்பமாகவும் கம்பி பிரம்மாண்டமாகவும் தெரிகிறது. பார்வையாளனின் வியப்பை வைத்து ஒரு வித்தையை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தடிமன் இன்னும் கொடூரமானது. வளைவதற்கு ஒரு கம்பி காட்டும் எதிர்ப்பு அதன் விட்டத்தின் மூன்றாம் மடியைப் பொறுத்துப் பெருகுகிறது. கால் அங்குலத்திலிருந்து ஐந்தில் பதினாறு பங்கு அங்குலம் என்று சிலர் வாய்தவறிச் சொல்கிற அளவுக்கு, அதாவது பதினாறில் ஐந்து பங்குக்குப் போனால், விட்டம் கூடுவது 25 சதவீதம். எதிர்ப்பு கூடுவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்காவில் அயர்ன்மைண்ட் என்ற நிறுவனம் 1995 முதல் இந்த வித்தைக்கு ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. 7 அங்குல நீளம், பதினாறில் ஐந்து பங்கு அங்குல விட்டமுள்ள உருக்குத் துண்டு. அதற்குச் சிவப்பு ஆணி என்று பெயர். முனைகளுக்கிடையே 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாதபடி வளைக்கவேண்டும். கவனிக்க வேண்டியது, அந்த அளவுகோலில் வெறுங்கை என்ற நிபந்தனை கிடையாது. முனைகளில் உறை சுற்றிக்கொள்ளலாம். ஆனால் என்ன உறை என்பதில் நிறுவனம் பின்னால் விதியை இறுக்கிக்கொண்டது. தான் தரும் உறைகளை மட்டுமே அனுமதித்தது. அந்த இறுக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது.

உறை என்ன செய்கிறது? உத்தேசமாகக் கணக்கிடலாம். அத்தகைய துண்டை வளைக்க ஒவ்வொரு முனையிலும் 60 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையின் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டர்தான். 60 கிலோவையும் அந்த அரைச் சதுர சென்டிமீட்டர் உள்ளங்கை தாங்க வேண்டும். தோல் சுற்றினால் அதே விசை 10 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. அழுத்தம் இருபதில் ஒரு பங்காகிறது. விசை குறையவில்லை. அது உள்ளங்கையில் இறங்கும் விதம் மட்டுமே மாறியிருக்கிறது. இந்த அளவில் உறை நியாயமானது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எல்லா உறையும் இவ்வளவோடு நிற்பதில்லை. துண்டைச் சுற்றினால் மெத்தென்று இருக்கும். ஆணி அதற்குள் புதைந்து, கட்டைவிரல் ஊன்ற வேண்டிய இடம் நழுவிப்போகும். சைக்கிள் ட்யூப் ரப்பர் வழுக்காது, ஆனால் தள்ளும் விசையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். வெல்டர் கையுறை தடிமனானது. விரல்களுக்கிடையே நிரம்பிக்கொண்டு பிடியையே தளர்த்தும். கனத்த தோலை இறுக்கமாக, பல சுற்றாகச் சுற்றினால் அது ஒரு குழாய்போல விறைத்துக்கொள்கிறது. ஆணியின் முனையைத் தாண்டி அது நீண்டிருந்தால் ஆணியே நீண்டுவிட்ட மாதிரி. அதாவது, திருவிழாக் கம்பியின் சலுகை தோலின் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. மெல்லிய உறையில் தோற்றவன் கனத்த தோலில் ஜெயிப்பது இதனால்தான். உள்ளங்கையைக் காப்பாற்ற வந்த பொருள், யாரும் கேட்காமலே, வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

எனவே "உறை கூடுமா?" என்று கேட்பது போதாது. இந்த உறை எதை மாற்றுகிறது என்று கேட்க வேண்டும்.

3

மனிதன் கையால் செய்யும் காரியங்களில் பாதுகாப்புக்கு உள்ள இடம் ஒரே மாதிரியானதல்ல. மூன்று வகைகளையாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது வேலை. வேலையில் முக்கியம் விளைபொருள். தகடு வளையவேண்டும், அவ்வளவுதான். கையுறை போட்டு வளைத்தாலும், இயந்திரம் வளைத்தாலும், தகட்டுக்கு வித்தியாசம் தெரியாது. இங்கே வெறுங்கையோடு நிற்பதை வீரம் என்று புகழ்கிறவன் பெரும்பாலும் அந்தத் தகட்டை விற்றுக் காசாக்குகிறவனாக இருப்பான். இந்த வீரத்துக்குச் சட்டம் விலை போட்டிருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. பேரேட்டில் எண்களைப் பதிந்து பழகியவர்களுக்குக்கூட இந்த எண்கள் வேறுமாதிரி ஒலிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971ல் டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் கைக்கென்றே ஓர் அறுவைச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியதை இந்த எண்களோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

வேலையிலும் கையுறை எப்போதும் காவல் அல்ல. சுழலும் துளையிடும் இயந்திரத்தின் முன்னால் கையுறை ஆபத்து. துணியின் ஒரு நூல் சிக்கினால் கை முழுதும் உள்ளே போகும். பவர் பிரஸ்ஸின் அடியில் தோலும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். அங்கே காப்பாற்றுவது கம்பித்தடுப்பும், இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் இயங்கும் இரட்டைப் பொத்தானும். கையின்மேல் எதுவும் இல்லை, ஆனால் கை காக்கப்படுகிறது.

இரண்டாவது நேர்த்திக்கடன். ஆடி மாதத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்கிறவன் செருப்பணிந்து குழியைக் கடந்தால் என்ன ஆகும்? குழியைக் கடந்திருப்பான், தீமிதித்திருக்கமாட்டான். இங்கே விளைபொருள் என்று ஒன்றுமே இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் காணிக்கை. பாதுகாப்பு வந்த கணத்தில் செயல் இல்லாமல் போகிறது.

மூன்றாவது வித்தை, அதாவது சோதனை. ஆணி வளைப்பது இந்த வகை. வளைந்த ஆணியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அதனால் அது வேலை அல்ல. எந்தத் தெய்வத்துக்கும் யாரும் அதை நேர்ந்துகொள்ளவில்லை. அதனால் அது காணிக்கையும் அல்ல. ஒரு குறிப்பிட்ட சக்தி இந்த மனிதனிடம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதே அதன் நோக்கம். அப்படியானால் எந்தச் சக்தி என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மணிக்கட்டின் வலுவா, வலி பொறுக்கும் திறனா, இரண்டுமா? தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கினவனின் கைக்கு எதுவும் தரப்படுவதில்லை. கல்லின் வழவழப்பையும் சேர்த்துத்தான் அந்தச் சோதனை. பளுதூக்கும் போட்டிகளில் வேறு தீர்மானம்: சுண்ணப்பொடி பூசலாம், கட்டைவிரலில் நாடா ஒட்டலாம், ஆனால் மணிக்கட்டிலிருந்து தண்டை இழுத்துக் கட்டும் வார் கூடாது. வார் பிடியின் வேலையைச் செய்துவிடும். 2014லும் 2018லும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் சாதனையைப் பொடி பூசிய கை என்று யாரும் குறைத்துப் பேசமாட்டார்கள். எல்லை எங்கே என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

"தோல் சுத்திக்கினா யாரு வேணா செய்வான்" என்கிறவன் மூன்றாவது வகையைப் பார்த்துக்கொண்டு இரண்டாவது வகையின் நியாயத்தைப் பேசுகிறான். வித்தைக்காரன் ரத்தம் சிந்தினால் அவனுக்குத் திருப்தி. ஆனால் அதே மனிதன், நெஞ்சின்மேல் யானையை ஏற்றிக்கொள்ளும் வித்தையில் நெஞ்சுக்கும் யானையின் காலுக்கும் நடுவே பலகை வைத்திருப்பதை ஆட்சேபிப்பதில்லை. பலகையும் உறைதான், பாரத்தைப் பரப்பிவிடுகிறது. யானை பெரியது என்பதால் பலகை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

4

இத்தோடு முடிக்கலாம் என்றால் முடிக்க முடியவில்லை. வலியை வெறும் இடைஞ்சலாக, சோதனையிலிருந்து கழித்துவிடக்கூடிய ஒன்றாக இதுவரை பேசியாயிற்று. அது சரிதானா?

குத்துச்சண்டையைப் பாருங்கள். 1867ல் வெளியான குவீன்ஸ்பரி விதிகள் கையுறையைக் கட்டாயமாக்கின. 1889ல் சல்லிவனும் கில்ரெயினும் வெறுங்கையோடு 75 சுற்றுகள் மோதியது ஒரு யுகத்தின் முடிவு. கையுறை நாகரிகத்தின் அடையாளம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் மண்டையோடு கெட்டியானது. வெறும் முஷ்டியால் அதை ஓங்கி அடிக்கிறவனின் விரலெலும்பு முறியும். அந்தப் பயம் எதிராளியின் தலைக்கு ஒரு கவசமாக இருந்தது. முஷ்டிக்கு மெத்தை வந்ததும் தலையை இஷ்டம்போல அடிக்க முடிந்தது என்று பலர் வாதிட்டிருக்கிறார்கள். 1928ல் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி எழுதினார். கையைக் காத்த உறை காயத்தை ஒழிக்கவில்லை; வேறோர் இடத்துக்கு நகர்த்திற்று.

இதைவிடவும் நெருக்கமான சாட்சியம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தவர் பால் பிராண்ட். நோய் விரல்களை அரித்துத் தின்னுகிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. விரல்கள் போவதற்குப் பெரும் காரணம் வலி தெரியாமைதான் என்று அவர் கண்டார். அவர் சொல்லியுள்ள ஒரு சம்பவம்: துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோஞ்சானான ஒரு சிறுவன் வந்து சாவியை முறுக்கித் திறந்துவிட்டான். அவன் கையைப் பார்த்தால் விரல் எலும்புவரை அறுபட்டிருந்தது. அவன் பலசாலி அல்ல. நிறுத்து என்று சொல்லும் குரல் அவன் கைக்குள் இல்லை.

இந்தச் சம்பவம் ஆணி வளைப்பவனைப் பற்றியதும்கூட. நம் எல்லோருடைய கையிலும், நாம் சாதாரணமாகப் பயன்படுத்துவதைவிட அதிக விசை இருக்கிறது. வலி அதற்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. உறை அந்தப் பூட்டைத் தளர்த்துகிறது. அப்படியானால் உறைக்குப் பின்னால் வெளிப்படுவது அவனுடைய பலம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது காவலற்ற பலம். தோல் உள்ளங்கையின் சருமத்தைக் காக்கிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகளையும் தசைநாண்களையும் அது தொடுவதுகூட இல்லை. சருமம் உடனே கத்தும். தசைநாண் பல நாள் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாகக் கைவிடும். கத்துகிறதை அமைதிப்படுத்திவிட்டு, பேசாமலிருப்பதன்மேல் பாரத்தை ஏற்றுவது உறையின் குணம். குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் நாம் அறியாத நியாயம் அல்ல இது.

பிராண்ட் பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான கையுறையைச் செய்ய முயன்றார். அழுத்தம் மிஞ்சினால் அணிந்திருப்பவனை எச்சரிக்கும் கையுறை, செயற்கை வலி. திட்டம் தோற்றது. எச்சரிக்கை வந்தபோது, செய்துகொண்டிருந்த காரியத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் மனிதர்கள் அதை அலட்சியம் செய்தார்கள், அணைத்தும் வைத்தார்கள். அணைக்க முடிகிற வலி வலியாகாது. தன் உறையைத் தானே தேர்ந்தெடுக்கிறவனின் சிக்கல் முழுவதும் இதில் இருக்கிறது. எவ்வளவு தடிமன் என்று தீர்மானிக்கும்போது, தன் கை சொல்வதில் எவ்வளவைக் கேட்கப்போகிறேன் என்றுதான் அவன் தீர்மானிக்கிறான்.

5

இலக்கியத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த விவகாரம் அந்நியமாக இருக்கக்கூடாது. யாப்பு என்ற சொல்லுக்கே கட்டு என்றுதான் பொருள். 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியதற்குப் பிந்திய வருஷங்களில், யாப்பை விட்டவன் சிரமத்தைத் தட்டிக்கழித்தவன் என்று ஒரு தரப்பும், யாப்பைப் பற்றிக்கொண்டிருப்பவன் அனுபவத்தின் முனை தன் கையில் குத்தாமல் பார்த்துக்கொள்கிறவன் என்று மறுதரப்பும் சண்டையிட்டன. இரண்டு தரப்பும் கட்டு இருக்கிறதா, இல்லையா என்றே பார்த்தன. அது எதைச் சுமக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. சில கவிதைகளில் ஓசை, இல்லாவிட்டால் தாங்கமுடியாத ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ள இடம் தருகிறது. சிலவற்றில் ஓசையே வேலையைச் செய்துவிடுகிறது. கவிஞனின் மணிக்கட்டு அசையவே இல்லை. வெறுங்கைக் கவிதையிலும் இதே கதைதான். ரத்தத்தைக் காட்டுவதே வளைத்ததற்குச் சாட்சி என்று நினைக்கிற கவிதைகளை நாம் வேண்டிய அளவு படித்தாயிற்று. ஆணி நேராகவே இருக்கும்.

விமர்சகன் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பியப் பெயர் ஒன்றைக் கட்டுரையின் இரு முனைகளிலும் சுற்றிக்கொண்டு, நடுவில் உள்ள தமிழ்ப் பிரதியை வளைத்துக் காட்டுவது நமக்குக் கைவந்த வித்தை. பெயரை உபயோகிப்பதில் தவறு இல்லை. பெயர் எவ்வளவு நெம்பிக்கொடுத்தது என்று சொல்லாமல் விடுவதில்தான் தவறு.

பாடியிலோ அம்பத்தூரிலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் உயர்வலு போல்ட் ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். முதல் எட்டு அது அறுந்துபோகும் வலுவையும், புள்ளிக்குப் பின்னுள்ள எட்டு அந்த வலுவில் 80 சதவீதத்தில் அது நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்பதையும் சொல்கிறது. எந்தப் பாரத்தில் விட்டுக்கொடுப்பேன் என்று தன் தலையிலேயே எழுதிக்கொண்டு வருகிற வஸ்து அது. மனிதனின் தலையெழுத்து அப்படிப் படிக்கும்படி இல்லை. அவன் வாயால் சொன்னால்தான் உண்டு.

ஆகவே உறையைத் தேர்ந்தெடுக்கிறவனுக்கு நான் சொல்லக்கூடியது மூன்றுதான். முனை உள்ளங்கையில் இறங்காத அளவுக்கு உறை இருக்கட்டும். மணிக்கட்டு முனகினால் கேட்காத அளவுக்கு வேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் தனித்தனித் துண்டு, முனையைத் தாண்டி நீளாமல், நடுவில் ஆணி வெளியே தெரியும்படி. காங்க்ரீட்டில் அடிக்கும் கடினப்படுத்திய ஆணியை எந்த உறையோடும் தொடவேண்டாம். அது வளையாது, ஒடிந்து தெறிக்கும். இவை கைக்கான விதிகள். ஒழுக்கத்துக்கான விதி இன்னும் சுருக்கமானது. வளைத்து முடித்ததும் ஆணியைக் கூட்டத்தில் சுற்றுக்கு விடுவது வழக்கம். கூடவே சுற்றிய தோலையும் பிரித்துச் சுற்றுக்கு விட வேண்டும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "யாரு வேணா செய்வான்" என்று சொல்கிறவனுக்கு இன்னொரு ஆணியையும் அதே தோலையும் கொடுக்கலாம்.